படம் ஓடும்போது பேசாதே

படம் ஓடும்போது பேசினால் பெத்தணன் அடிப்பான். முறைப்பான், 'உஸ்' என்பான் என்றெல்லாம் எண்ணிவிட வேண்டாம். எழுந்து வந்து, பேசுகிறவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வான். சிவகாசித் தியேட்டர் ஒன்றில் செல்போனில் காலண்டர் ஆர்டர் பேசிக்கொண்டிருந்த ஏஜெண்ட் ஒருத்தனின் போனைப் பிடுங்கித் தரையில் அடித்துத் தூளாக்கினான். ஏஜெண்டும் கூட வந்தவர்களும் இவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் நெஞ்சிலும் இடுப்பிலும் மிதித்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கட்டுப் போட்ட கம்பவுண்டரிடம், கடைசிச் சண்டையைப் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்றுதான் அங்கலாய்த்தானே ஒழிய, உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆமத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் அவனுக்கு. தகப்பன் காலத்தில் அடுத்தவன் காட்டில் கூலி வேலை. இவன் காலத்தில் வெடிக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. காலையில் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தான் என்றால், இறங்குகிற வரைக்கும் நேற்றுப் பார்த்த படம்தான் பேச்சு. அந்த வருசங்களில் வந்த படங்கள் மேல் அவனுக்கு ஆத்திரமான ஆத்திரம். எதை எடுத்தாலும் அருவா, எதை எடுத்தாலும் சுமோ. ஒரு வெட்டுக்கு நாலு வண்டி பறக்கிறது. "அம்புட்டு வண்டி வாங்க வக்கு இருக்குறவன், எதுக்குலே வரப்புத் தகராறுக்கு வெட்டிக்கிட்டுச் சாவுறான்?" என்று வேனே அதிரக் கேட்பான். வெட்டுப்பட்டவன் மூணு பக்கம் வசனம் பேசிவிட்டுச் சாவது, குண்டு வெடித்தால் மஞ்சள் மஞ்சளாகப் பெட்ரோல் எரிவது, எல்லாவற்றுக்கும் அவனிடம் வசவு உண்டு. கதாநாயகன் கன்னத்தில் அறைந்ததும் கதாநாயகிக்குக் காதல் வந்துவிடுகிறதே, அதைப் பற்றி மட்டும் அவன் எதுவும் சொன்னதில்லை.

விருதுநகரில் அவனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். தவுபிக் என்று பெயர், பஜாருக்குப் பின்னால் டிவி ரிப்பேர்க் கடை. அவனும் சினிமாப் பைத்தியம்தான், ஆனால் வேறு ரகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்து மாடியில் வேட்டியை விரித்துக் கட்டி, திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய அயல்நாட்டுப் படங்களைப் போடுவான். பெத்தணனையும் ஒருநாள் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். படத்தில் ஒரு பொம்பிளை, சீக்காளிப் புருசன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தேயிருந்தாள். ஒரு ஈ வந்து போர்வையில் உட்கார்ந்தது, பறந்தது. பெத்தணன் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து, "ஒண்ணு அவன் சாகணும், இல்ல இவ ஓடிப்போகணும். ரெண்டும் இல்லாம என்ன எழவுக்குய்யா படம் புடிக்கீக?" என்று கத்தினான். முன்னால் இருந்த காலேஜ் வாத்தியார் அவனை உட்காரச் சொன்னார். கை கலந்து, வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி உடைந்து, பெத்தணனின் சட்டைப்பை கிழிந்து, கடைசியில் தவுபிக் இருவருக்கும் நடுவில் புகுந்து நெஞ்சில் ஒரு குத்து வாங்கிக்கொண்டான். இத்தனைக்குப் பிறகும் அந்தச் சிநேகிதம் முறியவில்லை. படத்துக்காக அடித்துக்கொள்கிறவன் என்றால் தவுபிக்குக்கு உள்ளூர ஒரு மரியாதைதான்.

பெத்தணன் இந்த உலகத்திலேயே அதிகமாக வெறுத்தது திருட்டு விசிடியை. அது அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஆண்டிச்சாமி வீட்டில் பகலெல்லாம் ஓடியது.

ஆண்டிச்சாமி வீட்டு முன்கூடத்தில், பட்டாசாலை என்பார்கள், அங்கேதான் ஊர்ப் பொம்பிளைகள் உட்கார்ந்து சரம் பின்னுவார்கள். குட்டிக் குட்டி வெடிகளைக் கருந்திரியில் வைத்துப் பின்னிப் பின்னி மாலையாக்குகிற வேலை. கம்பெனிக்குள் செய்ய வேண்டியதை வீட்டுக்குள் செய்வது சட்டப்படி குற்றம், பிடித்தால் ஜெயில். அதனால் வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் தீப்பெட்டி ஒட்டுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூட அங்கே அந்தப் பாடம் தெரியும். பெத்தணன் கம்பெனியில் செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் மருந்து அறைக்குள் காலை வைப்பான். மருந்து சலிக்கும்போது தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்முவான். அதே மருந்து ஏறிய திரி ஊருக்குள் வந்துவிட்டால் அடுப்பங்கரைச் சுவரில் சாத்தி வைத்திருப்பார்கள், அவனும் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் மோந்து குடிப்பான். வீடுதானே என்று ஒரு நினைப்பு.

பொம்பிளைகள் வேறு வீட்டுக்குப் பின்னப் போய்விடாமல் இருக்க, ஆண்டிச்சாமி ஒரு டிவியும் விசிடி பெட்டியும் வாங்கி வைத்தான். அன்றிலிருந்து கூட்டம் அங்கேதான். பெத்தணன் பெண்டாட்டி மாரிசெல்வியும் அங்கேதான். வேகமாகப் பின்னுகிற கை அவளுக்கு, கண் டிவியில் இருந்தாலும் விரல் தப்பாது. தியேட்டரில் எவனோ திருட்டுத்தனமாகப் பிடித்த படம் அது. நடுவில் ஒருத்தன் எழுந்து ஒண்ணுக்குப் போவது கரிய தலையாகப் படத்துக்குள் தெரியும். இதையெல்லாம் ஒரு படம் என்று பார்க்கிறாயே, சோற்றில் மண்ணள்ளிப் போட்டுத் தின்பாயா என்று பெத்தணன் தினமும் சண்டை போட்டான். மாரிசெல்வியும் லேசுப்பட்டவள் இல்லை. "தியேட்டர்ல ஒங்களுக்குத்தான்யா படம் ஓடுது. விசிலடிக்கவும் குடிச்சிட்டு ஆடவும். அங்கன நாங்க எதுக்கு, ஒங்க முதுகப் பாக்கவா? இங்கன நாங்க அழணும்னா அழுவோம், பிடிச்சத ரெண்டு தடவ போட்டுப் பாப்போம்" என்றாள்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு படம் வந்தது. அண்ணன் தம்பி கதை. ஊரே பார்த்துவிட்டு வந்து ஆகா ஓகோ என்றது. தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்ட நேரம், பெத்தணனுக்குச் சும்மா இருக்கக் கால் தரிக்காது. ஆனாலும் அவன் போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தை மாரிசெல்வியோடு சேர்ந்துதான் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தான். அவளுக்கு நல்ல தியேட்டரில் நல்ல படம் காட்டினால் அந்த விசிடிக் கழிசடையை விட்டுவிடுவாள் என்று நம்பினான். கதையைச் சொல்ல வந்தவர்களை எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு விரட்டினான். அவளும் புதுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு சந்தோசமாகத்தான் கிளம்பினாள்.

படம் முக்கால்வாசி ஓடியிருக்கும். தம்பிக்காரன் கண்மாய்க்கரையில் தனியாக வருகிறான். தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. பெத்தணன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். அப்போது மாரிசெல்வி அவன் காதருகில் குனிந்து, பிரியமாகத்தான் சொன்னாள்: "துண்ட எடுத்து வச்சுக்கய்யா, அழுவ. விசிடில பாத்து நாங்க அம்புட்டுப் பேரும் அழுதோம். இப்ப தம்பி செத்துருவான்."

பழகின கை. பேசியது யார் என்று பார்க்கிறதற்குள் விழுந்துவிட்டது. ஓங்கி விழுந்த புறங்கை மூக்குத்தியில் பட்டு, மூக்கு கிழிந்து, புதுச் சேலையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்கியது. பின்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். மாரிசெல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். இவன் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். மனுசன் என்றால் ஓடியிருப்பான். அந்தப் பாவி உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்த்தான்.

பார்த்து, சொக்கியும் போனான். தம்பி செத்த பிறகு அந்தப் படத்தில் ரொம்ப நேரத்துக்குச் சத்தமே கிடையாது. அண்ணன் பிணத்தைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கரை வழியே நடந்து வருவான். பாட்டு இல்லை, அழுகை இல்லை, காலடிச் சத்தம்கூட இல்லை. அருவாப் படம் எடுக்கிறவர்களுக்கு இடையில் இப்படி ஒருத்தனா என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் எங்கே போனாள் என்று தேடாமல் அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வாங்கினான்.

மறுநாள் காலை மாரிசெல்வி ஆண்டிச்சாமி வீட்டில் இருந்தாள். கம்பெனிக்குத்தான் லீவு, வீட்டுச் சரத்துக்கு லீவு கிடையாது. மூக்கு வீங்கிக் கண் வரைக்கும் கன்றிப்போயிருந்தது. அப்படியும் டிவி முன்னால் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டான், திரும்பவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு டிவியைப் பார்த்ததும் கண்ணு மண்ணு தெரியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஆண்டிச்சாமி பெண்டாட்டி ஆவுடைத்தாய், "மருந்து கெடக்குலே, இரும்பக் கீழ போடு" என்று அலறினாள். அந்த ஆத்திரத்திலும் மருந்து கிடக்கிற இடத்தில் இரும்பை ஓங்கக் கூடாது என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. டிவியை ஒயரோடு பிடுங்கித் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே வைத்துத்தான் உடைத்தான். கண்ணாடி டமார் என்று வெடித்துச் சிதறி அவன் முழங்காலையும் கிழித்தது.

ஆண்டிச்சாமியும் அவன் தம்பிமாரும் பெத்தணனை வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். கயிற்றை முறுக்கி அடித்தார்கள், அது சலித்துப் போனதும் கம்பால் அடித்தார்கள். விலா எலும்பு ஒன்று முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. ஊர்ப் பெரியவர்கள் வந்து, உடைத்தவன் வேறு டிவி வாங்கித் தரட்டும் என்று பேசி அவிழ்த்துவிட்டார்கள். மாரிசெல்வி தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை, எல்லாவற்றையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துவிட்டபின் கிட்டே வந்தாள்.

"டிவியக் கொண்டாந்து வையி. என்னிக்கு அது அங்கன ஓடுதோ, அன்னிக்கு வீட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் எங்க ஆத்தா வீட்டுல இருக்கேன்."

அவள் இல்லாத வீட்டில் அவனால் ஒரு ராத்திரிகூடப் படுக்க முடியவில்லை. விலாவில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினான். தவுபிக் கடையில் கொடுக்கிற மாதிரி ஒரே ஒரு பழைய டிவிதான் இருந்தது, அதுவும் ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டது. படம் தெரியும், ஆனால் சூடேறினால் பின்னால் 'டிக் டிக்' என்று பொறி தட்டும். அதற்கான சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், ரெண்டு நாள் பொறுங்கள் என்று தவுபிக் சொன்னான். பொறுக்க முடியாது என்று இவன் பிடிவாதம் பிடித்தான். தவுபிக்குக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

"எங்கண்ணே வைக்கப் போறீக? பக்கத்துல துணிமணி, பேப்பரு எதுவும் இருக்கக் கூடாதுண்ணே. சொல்லுங்க, எங்க வைக்கப் போறீக?"

"வீட்டுலதான், பாய்" என்றான் பெத்தணன்.

சரம் பின்னுகிற வீடு என்று சொல்லியிருந்தால் தவுபிக் அந்தப் பெட்டியைத் தொடவே விட்டிருக்க மாட்டான். சொல்லவில்லை. வெளியூர்க்காரனிடம் அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சிநேகிதனாக இருந்தாலும் அவன் வெளியூர்க்காரன். வாய் தானாகப் பூட்டிக்கொண்டது.

பெட்டியில் பொறி தட்டும் என்று ஆவுடைத்தாயிடமும் சொல்லவில்லை. அது இன்னும் பெரிய பாவம். சொன்னால் டிவியை வாசலோடு வைத்துக்கொள் என்பாள். டிவி உள்ளே ஓடாவிட்டால் மாரிசெல்வி வீட்டுக்கு வரமாட்டாள். திரிக்கட்டு அடுக்கியிருந்த சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பெட்டியை வைத்தான். அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கம்பெனியில் ஒரு சாவிக்கொத்தை உள்ளே விடாதவன், பொறி தட்டுகிற பெட்டியைக் கையாலேயே பிளக்கில் சொருகினான்.

பொம்பிளைகள் அந்தத் தீபாவளிப் படத்தின் விசிடிதான் வேண்டும் என்றார்கள். போட்டான். மாரிசெல்வி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். மூக்கில் இன்னும் பொருக்கு இருந்தது. "நீயும் உக்காருய்யா, சேந்து பாப்போம்" என்றாள். கூப்பிட்டாளே, அந்த மகராசி, அத்தனைக்குப் பிறகும் கூப்பிட்டாள். இந்தத் திருட்டுக் கண்றாவியை நான் பார்க்க மாட்டேன், வெளியே இருக்கிறேன், படம் முடிந்ததும் வா, வீட்டுக்குப் போவோம் என்றான். சரி என்று தலையை ஆட்டினாள்.

எதிர்ச் சாரியில் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். படத்தின் சத்தம் தெரு வரைக்கும் வந்தது. எந்த வசனத்துக்கு எந்தக் காட்சி என்று அவனுக்கு ஒவ்வொன்றும் அத்துபடி. சந்தைச் சண்டை வந்தது. கோயில் பாட்டு வந்தது. கண்மாய்க்கரை வந்தது, தம்பி விழுந்தான், சத்தம் நின்றது. இனி அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான். பொம்பிளைகள் மூக்கைச் சிந்துவது கேட்டது. அவனும் துண்டை எடுத்தான்.

அப்போது உள்ளே சடசடவென்று ஒரு சத்தம் எழுந்தது. அந்த இடத்தில் படத்தில் சத்தம் கிடையாது.

அவன் எழுந்துவிட்டான். ரெண்டு எட்டு ஓடியிருப்பான். வீடு வெடித்தது. ஓடுகள் மேலே போய்த் தெருவெங்கும் கொட்டின. முன்சுவர் அப்படியே சாய்ந்தது. புகைக்குள் சரங்கள் விடாமல் வெடித்துக்கொண்டிருந்தன. கதவு இருந்த இடத்தின் வழியே உள்ளே பாய்ந்தான். கையில் அகப்பட்டவர்களை இழுத்தான். ஆவுடைத்தாயை இழுத்தபோது உள்ளங்கையில் அவள் தோல் கழன்று வந்தது. மாரிசெல்வி அம்மிக்குப் பின்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தெருவில் எல்லோரும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் காது அடைத்துப்போய் ஒன்றும் கேட்கவில்லை.

ஆவுடைத்தாயும் இன்னும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துபோனார்கள். மாரிசெல்வி உயிர் பிழைத்தாள். இரண்டு கண்ணும் போயின.

மதுரை ஆஸ்பத்திரியில் அவள் முகமெல்லாம் கட்டோடு கிடந்தாள். அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தேயிருந்தான். ஒரு ஈ வந்து அவள் கட்டின் மேல் உட்கார்ந்தது. விரட்டினான், திரும்ப வந்தது. தவுபிக் மாடியில் போட்ட படம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பொம்பிளை ஏன் ஓடிப்போகவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. பார்க்க வந்த தவுபிக்கிடம் அதைச் சொல்ல வாயெடுத்தான். தவுபிக், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுததால் சொல்லாமல் விட்டான்.

வீட்டில் மருந்து வைத்திருந்த கேசில் உள்ளே போய் ஜாமீனில் வந்த ஆண்டிச்சாமி ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வெளியே, டீக்கடை வாசலில் வைத்து அருவாளோடு பாய்ந்தான். வெட்டு தோள்பட்டையில் இறங்கியது. பெத்தணன் தடுக்கவில்லை, அடுத்த வெட்டுக்கு நின்றான். ஆண்டிச்சாமி ஓங்கினான், ஓங்கின கை அப்படியே நின்றுபோனது. "நீ கொண்டாந்து வச்ச டிவிதானலே" என்றான், அருவாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். எத்தனையோ படத்தில் எத்தனையோ வெட்டுப் பார்த்தவன் பெத்தணன். வெட்டினவன் உட்கார்ந்து அழுது அவன் பார்த்ததில்லை. போலீஸ் கேட்டபோது, தடுக்கி விழுந்தேன் என்றான்.

ஒரு வருசத்துக்கு மேல் அவன் தியேட்டர்ப் பக்கம் போகவில்லை. வீட்டில் டிவி கிடையாது. மாரிசெல்விதான் ஒருநாள், "படத்துக்குக் கூட்டிட்டுப் போய்யா" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தான். இல்லை, உண்மையாகத்தான் கேட்டாள். என்ன படம் வேண்டும் என்றதற்கு, சண்டை இருக்கட்டும், சும்மா பேசிக்கொண்டே இருக்கிற படத்துக்குத்தான் வீட்டில் ரேடியோ இருக்கிறதே என்றாள்.

பொங்கலுக்கு வந்த அருவாப் படம் சிவகாசியில் ஓடியது. மதியக் காட்சி, நல்ல கூட்டம். அவள் கையைப் பிடித்துப் படியேற்றி உட்கார வைத்தான். வசனம் வருகிற வரைக்கும் அவள் தானாகவே கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் சண்டை வந்தது. வெறும் இரைச்சல். அவள் அவன் கையைச் சுரண்டினாள்.

"யாருய்யா விழுந்தது?"

அவள் காதருகில் குனிந்து சொல்ல ஆரம்பித்தான். இவன் வெட்டினான், அவன் குனிந்தான், பின்னால் ஒருத்தன் வருகிறான், சுமோ ஒன்று பறக்கிறது. எத்தனை சுமோ என்று கேட்டாள், எண்ணிச் சொன்னான். பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். கதாநாயகன் கிணற்றுமேட்டில் ஏறி நிற்கிறான், கையில் அருவா, அடுத்து...

பிடரியில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"படம் ஓடும்போது பேசாதலே" என்றது பின்னாலிருந்து ஓர் இளவட்டக் குரல்.

பெத்தணன் இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். திரும்பவில்லை.

"யாருக்கு அடி?" என்று மாரிசெல்வி கேட்டாள்.

"படத்துலதான், புள்ள."

தோல் சுருங்கிய அவள் விரல்கள் இருட்டில் அவன் பிடரியைத் தேடிவந்து, சூடு பிடித்திருந்த இடத்தில் நின்றன.

"நீ அன்னிக்கு அடிச்சது இதவிடப் பலமா இருந்துச்சு" என்றாள். "சரி சொல்லு, கிணத்து மேட்டுல நிக்கான், அப்புறம்?"

அவன் சொன்னான்.